பெட்டி எந்த ஊரில் இறங்கும்?

விமானத்தில் ஏறப் போகிறவர்கள் பல கேள்விகள் கேட்கிறார்கள். "ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். "சாப்பாடு உண்டா?" என்று கேட்கிறார்கள். "எத்தனை மணிக்குப் போய்ச் சேரும்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை மட்டும் பலர் கேட்பதில்லை.

"என் பெட்டியை எந்த ஊரில் நான் எடுக்க வேண்டும்?"

இதுதான் அந்தக் கேள்வி.

"இது என்ன கேள்வி? ஆள் எங்கே போகிறாரோ அங்கேதானே பெட்டியும் போகும்!" என்று சிலர் சொல்லக் கூடும். ஒரே விமானத்தில் ஏறி, அது போய் நிற்கும் ஊரில் இறங்குகிறவருக்கு இது சரி. திருச்சியில் ஏறி நேராகச் சிங்கப்பூரில் இறங்குகிறவருக்குக் கவலை இல்லை. நடுவில் விமானம் மாறுகிறவருக்கோ இது சரி அல்ல. அவருடைய பெட்டி கடைசி ஊர் வரை போகலாம். நடு ஊரிலேயே இறங்கி விடலாம். கடைசி ஊரின் பெயரைக் கழுத்தில் கட்டிக் கொண்டு, நடு ஊரில் ஆளைத் தேடிக் காத்துக் கிடக்கவும் கூடும்!

ஆகவே, பெட்டி எங்கே இறங்க வேண்டும் என்பது பிரயாணி தெரிந்து கொண்டு தீர்மானிக்க வேண்டிய காரியம். கவுண்ட்டரில் இருக்கும் சிப்பந்தி பார்த்துக் கொள்வார் என்று விட்டு விடக் கூடாது. அந்தத் தீர்மானம் விமான நிலையத்தில் தொடங்குவதும் அல்ல. டிக்கெட் வாங்கும் அன்றே அது தொடங்கி விடுகிறது.

ரயில் வேறு, விமானம் வேறு

ரயிலில் போகிறவர் பெட்டியைத் தம் இருக்கைக்கு அடியில் தள்ளுகிறார். சங்கிலி போட்டுப் பூட்டுகிறார். நடு ராத்திரியில் விழிப்பு வந்தால் குனிந்து பார்த்துக் கொள்கிறார். ஜங்ஷனில் வண்டி மாறும்போது தம் கையாலேயே தூக்கிக் கொண்டு போகிறார். பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியும்.

விமானத்தில் அப்படி இல்லை. கவுண்ட்டரில் பெட்டியை நிறுத்துப் பார்க்கிறார்கள். அதன் கைப்பிடியில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி ஒட்டுகிறார்கள். ஓடும் பட்டை அதை உள்ளே இழுத்துக் கொண்டு போகிறது. அவ்வளவுதான்! அந்த நிமிஷத்திலிருந்து பெட்டி ஒரு வழி, ஆள் ஒரு வழி. இருவரையும் சேர்த்து வைப்பது அந்தக் காகிதப் பட்டை ஒன்றுதான்.

இந்தச் சீட்டு முறையே ரயிலிலிருந்து வந்ததுதான். சாமானோடு ஒரு பாதி, ஆளிடம் ஒரு பாதி என்று கிழித்துக் கொடுக்கும் சீட்டுக்குக் கனடா நாட்டைச் சேர்ந்த ஜான் மைக்கேல் லயன்ஸ் என்பவர் 1882-ம் ஆண்டில் காப்புரிமை வாங்கினார். இன்றும் முறை அதேதான். சாமான் போகும் தூரம் மட்டும் கூடிவிட்டது.

சீட்டைப் படியுங்கள்

அந்தக் காகிதப் பட்டையில் பெரிய எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்துக்கள் இருக்கும். அவைதான் பெட்டி போகும் விமான நிலையத்தின் அடையாளம். சென்னைக்கு எம்.ஏ.ஏ. 'மெட்ராஸ்' என்ற பழைய பெயரின் மிச்சம் அது. திருச்சிக்கு டி.ஆர்.இஸட். மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம். கோயமுத்தூருக்கு சி.ஜே.பி. கொழும்புக்கு சி.எம்.பி. சிங்கப்பூருக்கு எஸ்.ஐ.என். துபாய்க்கு டி.எக்ஸ்.பி.

கூடவே கோடு கோடாக ஒரு குறியும், பத்து இலக்க எண்ணும் இருக்கும். அந்த எண்ணுக்குள் விமானக் கம்பெனியின் எண்ணும், அந்தப் பெட்டிக்கே உரிய எண்ணும் அடங்கியிருக்கின்றன. வழி நெடுகக் கருவிகள் படிப்பது இதைத்தான். இதே எண்ணுள்ள சின்னத் துண்டு ஒன்றைப் பிரயாணியிடம் கொடுக்கிறார்கள். பலர் அதைக் குப்பை என்று நினைத்துக் கசக்கிப் போட்டு விடுகிறார்கள். பெட்டி காணாமற்போனால் அந்தத் துண்டுதான் சாட்சி!

ஆங்கிலம் அதிகம் தெரியாதவரும் மூன்று எழுத்துக்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். போகும் ஊரின் அடையாள எழுத்துக்கள் டிக்கெட்டில் இருக்கும். அதையும் சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பெட்டி உள்ளே போகும் முன்பே கேட்டு விட வேண்டும். உள்ளே போன பிறகு கேட்டுப் பெரிய பலன் இல்லை.

இன்னொரு சிறு காரியம். போன பிரயாணத்தில் ஒட்டிய பழைய சீட்டுக்களைப் பெட்டியிலிருந்து பிய்த்து எறிந்து விட வேண்டும். "வெளிநாடு போய் வந்த பெட்டி" என்று காட்டுவதற்காகச் சிலர் அவற்றை விட்டு வைக்கிறார்கள். கருவி பழைய கோட்டைப் படித்து விட்டால் பெட்டி திசை மாறிப் போகக் கூடும். பெருமைக்கு அது பெரிய விலை!

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

திருச்சியிலிருந்து ஒருவர் கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவில் உள்ள மெல்போர்னுக்குப் போகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். இதை அவர் இரண்டு விதமாகச் செய்யலாம். திருச்சியிலிருந்து மெல்போர்ன் வரை ஒரே டிக்கெட் வாங்கலாம். அல்லது கோலாலம்பூர் வரை ஒன்று, அங்கிருந்து வேறு கம்பெனியில் இன்னொன்று என்று இரண்டாக வாங்கலாம். இரண்டாக வாங்கினால் சில சமயம் விலை குறையும். "சில ஆயிரம் மிச்சம்!" என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள்.

அந்த மிச்சத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டியைப் பெரும்பாலும் மெல்போர்ன் வரை சீட்டுப் போட்டு அனுப்பி விடுவார்கள். முதல் விமானம் தாமதமாகி அடுத்த விமானம் போய் விட்டால், பிரயாணியை வேறு விமானத்தில் ஏற்றி விடும் பொறுப்பு கம்பெனியைச் சேரும்.

இரண்டு டிக்கெட்டாக இருந்தால் பெட்டி பெரும்பாலும் கோலாலம்பூரில் இறங்கி விடும். அதை எடுக்க அவர் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டும். அப்படியானால், அந்த நாட்டுக்குள் நுழையத் தேவையான அனுமதி அவரிடம் இருக்க வேண்டும். பிறகு சுங்கச் சோதனை. பிறகு அடுத்த கம்பெனியின் கவுண்ட்டரில் மறுபடியும் வரிசை. மறுபடியும் எடை. முதல் கம்பெனி 30 கிலோ வரை விட்டிருக்கும். இரண்டாவது கம்பெனி 20 கிலோதான் என்று சொல்லலாம். மிச்சப்படுத்திய ஆயிரங்கள் அங்கே போய் விடும்!

முதல் விமானம் தாமதமானால் இன்னும் கஷ்டம். "உங்களை இங்கே கொண்டு வந்தது நாங்கள் அல்லவே?" என்று இரண்டாவது கம்பெனி கையை விரித்து விடலாம். புதிதாக டிக்கெட் வாங்க வேண்டி வரலாம்.

இரண்டு டிக்கெட் வாங்குவதே தப்பு என்று சொல்வதற்கில்லை. இளைஞர் ஒருவர், கையில் ஒரே பை, நடு ஊரில் நிறைய நேரம் என்றால் தாராளமாக வாங்கலாம். ஆனால் வயதான தாய் தந்தையர், கைக்குழந்தையோடு போகிற பெண்கள், முதல் தடவையாக விமானம் ஏறுகிறவர்கள் ஆகியோருக்கு ஒரே டிக்கெட்தான் நல்லது. பிள்ளைகள் விலையை மட்டும் பார்த்துப் பெற்றோருக்கு டிக்கெட் எடுத்து அனுப்பக் கூடாது. பெட்டியைத் தூக்கப் போவது அவர்கள்தானே!

சீட்டில் சிகாகோ, எடுப்பது நெவார்க்!

ஒரே டிக்கெட் வாங்கியவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு.

மகளின் பிரசவத்துக்காக ஓர் அம்மாள் சிகாகோ போகிறார். சென்னையிலிருந்து லண்டன். லண்டனிலிருந்து நெவார்க். நெவார்க்கிலிருந்து சிகாகோ. சென்னைக் கவுண்ட்டரில் பெட்டிக்குச் சிகாகோ வரை சீட்டுப் போட்டு விட்டார்கள். "சிகாகோவில் எடுத்துக் கொள்ளலாம்" என்று அம்மாள் நிம்மதியாக இருக்கிறார்.

லண்டனில் அவர் பெட்டியைப் பற்றி நினைக்க வேண்டியதில்லை. அது தானாக மாறி விடும். ஆனால் அமெரிக்காவில் கால் வைக்கும் முதல் ஊர் நெவார்க். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பொதுவாக முதலில் இறங்கும் விமான நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கச் சோதனை முடித்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும் என்பது அந்த நாட்டு முறை. சீட்டில் சிகாகோ என்று இருந்தாலும் இதுதான் முறை! அம்மாள் இதை அறியாமல் நேரே அடுத்த விமானத்துக்குப் போய் விட்டால் பெட்டி நெவார்க்கிலேயே நின்று விடும். அவர் சிகாகோவில் வெறுங்கையோடு நிற்பார். பிரசவ மருந்தும், பேரக் குழந்தைக்குத் தைத்த சட்டையும் நெவார்க்கில் கிடக்கும்.

இதற்கும் விலக்கு உண்டு. அபுதாபி விமான நிலையத்தில் 2014 ஜனவரியிலிருந்து அமெரிக்காவின் குடியேற்ற, சுங்கச் சோதனைகளை அங்கேயே நடத்துகிறார்கள். அங்கே சோதனையை முடித்துக் கொண்டு அமெரிக்காவுக்குப் போகிறவர், அங்கே உள்நாட்டுப் பிரயாணியைப் போலவே இறங்குகிறார். நடு ஊரில் பெட்டியை இழுத்துத் திரிய வேண்டியதில்லை. ஆகவே எந்த வழியாகப் போவது என்பதைத் தீர்மானிக்கும்போதே பெட்டியையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

ஊர் திரும்பும்போதும் இதே கதைதான்

துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் மும்பை வழியாக மதுரைக்கு வருகிறார். அவர் இந்தியாவில் முதலில் இறங்கும் இடம் மும்பை. சுங்கச் சோதனை பெரும்பாலும் அங்கேயே நடக்கும். பெட்டியை எடுத்துச் சோதனை தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் கொடுக்க வேண்டி வரும். சில விமானங்களுக்கு மட்டும் கடைசி ஊரிலேயே சோதனை செய்யும் ஏற்பாடு உண்டு. தம்முடைய விமானம் எந்த ரகம் என்று துபாயிலேயே கேட்டுக் கொண்டு ஏற வேண்டும். இரண்டு வருஷச் சம்பாத்தியத்தில் வாங்கிய சாமான்கள் அல்லவா அந்தப் பெட்டிகளில் இருக்கின்றன!

ஒரே ஊரில் இரண்டு விமான நிலையங்கள் இருப்பதும் உண்டு. லண்டனில் ஹீத்ரோ ஒன்று, காட்விக் ஒன்று. டோக்கியோவில் நரிட்டா ஒன்று, ஹனேடா ஒன்று. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டியிருந்தால், பெட்டியையும் கூடவே தூக்கிக் கொண்டு போக வேண்டியிருக்கும் என்று நினைத்தே கிளம்ப வேண்டும்.

நடு ஊரில் இரவு தங்கினால்

சில பிரயாணங்களில் நடு ஊரில் ஓர் இரவு தங்க நேரிடும். பெட்டியைக் கடைசி ஊருக்கு அனுப்பி விட்டால், மாற்றுத் துணி கூட இருக்காது. அப்படிப்பட்டவர் பெட்டியை நடு ஊர் வரைக்கும் மட்டும் சீட்டுப் போடும்படி கேட்டுப் பார்க்கலாம். சில கம்பெனிகள் ஒப்புக் கொள்ளும். சில ஒப்புக் கொள்ளா. அந்த ஊருக்குள் போக அனுமதி இல்லாதவருக்கு அது முடியவும் முடியாது. முடியாவிட்டால் ஒரு செட் துணியைக் கைப்பையில் வைத்துக் கொள்வதே வழி.

எந்த வழியில் போனாலும் கைப்பையை விட்டுப் பிரியக் கூடாத சாமான்கள் சில உண்டு. தினம் சாப்பிடும் மருந்து, டாக்டர் சீட்டு, படிப்புச் சான்றிதழ்கள், வேலை உத்தரவு, நகை, பணம், போய்ச் சேரும் வீட்டின் விலாசம். கைபேசிக்கு மின்சாரம் ஏற்றும் பவர் பாங்க்கும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். தீப்பற்றும் அபாயம் இருப்பதால் அதைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது என்பது விதி. கொப்பரைத் தேங்காயையும் பெட்டியில் வைக்கக் கூடாது. அதன் எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று அதை வகைப்படுத்தி இருக்கிறார்கள். இப்படி ஒரு பொருள் பெட்டியில் அகப்பட்டால் சோதனைக்காரர்கள் பெட்டியை நிறுத்தி விடுவார்கள். ஆள் போய் விடுவார். பெட்டி ஏறாது.

பெட்டி வராவிட்டால்?

பயப்படத் தேவையில்லை. நிலைமை முன்னை விட மேல். விமானத் துறைக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் 'சிட்டா' என்ற நிறுவனம் ஆண்டுதோறும் கணக்கு எடுக்கிறது. 2007-ல் 1,000 பிரயாணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் வழி தவறின, தாமதமாயின, அல்லது சேதமடைந்தன. 2024-ல் அது 6.3 ஆகக் குறைந்து விட்டது. பெட்டியை வாங்கும் போதும், விமானத்தில் ஏற்றும் போதும், மாற்றும் போதும், திருப்பிக் கொடுக்கும் போதும் கணக்கு வைக்க வேண்டும் என்று 2018 ஜூனிலிருந்து சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு விதித்திருக்கிறது.

ஆனால் அதே கணக்கு இன்னொன்றும் சொல்கிறது. 2024-ல் தாமதமான பெட்டிகளில் 100-க்கு 41 பெட்டிகள், விமானம் விட்டு விமானம் மாறும்போது தவறியவை. அதாவது, ஆபத்து அதிகம் இருப்பது நடு ஊரில்தான்!

பெட்டி வராவிட்டால் விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே அங்குள்ள சாமான் கவுண்ட்டரில் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். 1999-ல் ஏற்பட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம் பெரும்பாலான சர்வதேசப் பிரயாணங்களுக்குச் செல்லும். அதில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன்படி, சேதமான பெட்டிக்கு அது கைக்கு வந்த 7 நாளுக்குள் எழுத்து மூலம் புகார் செய்ய வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாளுக்குள் செய்ய வேண்டும். வர வேண்டிய நாளிலிருந்து 21 நாள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொண்டு நஷ்ட ஈடு கேட்கலாம்.

ஈட்டுக்கு ஓர் உச்ச வரம்பும் உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பிரயாணிக்கு 1,519 அலகு. சர்வதேச நிதி நிறுவனத்தின் கணக்கு அலகு அது. இந்தியப் பணத்தில் ஒன்றரை லட்ச ரூபாய்க்கு மேல் வரும். கேட்டதும் அத்தனையும் கொடுத்து விடுவார்கள் என்று அர்த்தம் அல்ல. நிரூபிக்கும் நஷ்டத்துக்குத்தான் ஈடு. ஆகவே பெட்டியை மூடும் முன்பு உள்ளே இருப்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய காகிதம் ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போட்டு வைக்க வேண்டும். வெளியே ஒட்டிய சீட்டுக் கிழிந்தாலும் உள்ளே இருப்பது பேசும்.

சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டாமா?

பிரயாணி கேட்க வேண்டும் என்பது ஒரு பாதி. சொல்ல வேண்டியவர்கள் சொல்ல வேண்டும் என்பது மறு பாதி.

தமிழ்நாட்டு விமான நிலையங்களிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்கள் அல்ல. கொத்தனார் போகிறார். சமையல்காரர் போகிறார். பேரனைப் பார்க்கப் பாட்டி போகிறார். அவர்கள் கையில் ஆங்கில எழுத்துள்ள ஒரு துண்டைக் கொடுத்து, "அடுத்தவர் வாங்க" என்று சொல்வது மட்டும் போதாது.

"அம்மா, உங்கள் பெட்டியை நெவார்க்கில் ஒரு தடவை எடுத்துக் கொடுக்க வேண்டும். பிறகு சிகாகோவில் எடுத்துக் கொள்ளலாம்."

இதைத் தமிழில் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? பத்து விநாடி! "நூற்றுக் கணக்கான பேருக்குச் சொல்லிக் கொண்டிருக்க முடியுமா?" என்று சிப்பந்திகள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வரிசை நீளம். விமானத்துக்கு நேரம் ஆகிறது. ஆனால் எல்லோருக்கும் சொல்ல வேண்டியதில்லையே! நடுவில் விமானம் மாறுகிறவர்களுக்குச் சொன்னால் போதும். அதற்கும் நேரம் இல்லை என்றால், பெட்டியை எடுக்க வேண்டிய ஊரைத் தமிழில் அச்சடித்து ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கலாம். பெட்டி தவறிய பிறகு அதைத் தேடுவதற்கும், வீடு தேடிக் கொண்டு போய்க் கொடுப்பதற்கும் கம்பெனிக்கு ஆகும் செலவை விட அது நிச்சயம் குறைவு.

டிக்கெட் விற்கும் ஏஜென்ட்டுகளுக்கும் இந்தக் கடமை உண்டு. "இது இரண்டு டிக்கெட். நடுவில் பெட்டியை நீங்களேதான் எடுத்துப் போட வேண்டும்" என்று பணம் வாங்கும் முன்பே சொல்வதுதான் நாணயமான வியாபாரம். விலை குறைவு என்பதை உரக்கச் சொல்கிறார்கள். இதையும் அதே குரலில் சொல்லட்டும்.

அவர்கள் சொல்லும் வரையில் பிரயாணிகள் சும்மா இருக்கக் கூடாது. டிக்கெட் வாங்கும்போது, "இது ஒரே டிக்கெட்டா?" என்று கேட்க வேண்டும். கவுண்ட்டரில், "பெட்டி எந்த ஊர் வரை போகிறது?" என்று கேட்க வேண்டும். அத்துடன் நிற்காமல், "நடுவில் எங்கேயாவது நான் எடுத்துக் கொடுக்க வேண்டுமா?" என்றும் கேட்க வேண்டும். தனியாகப் போகும் முதியவர்களுக்குப் பிள்ளைகள் இந்த மூன்று கேள்விகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

பின்னால் நிற்கிறவர் முணுமுணுப்பாரே என்று கூச்சப்பட வேண்டாம். முணுமுணுப்பு அரை நிமிஷத்தில் அடங்கி விடும். தொலைந்த பெட்டிக்கு வாரக் கணக்கில் அலைய நேரிடும்!